மனிதன் நுழைய முடியாத இடத்தில் குழாய்ப் பழுது



கேமரன் மலையில் வாழும் நமக்குக் குழாய் நன்கு பழகிய பொருள். ஓடையிலிருந்து லயத்திற்குத் தண்ணீர் கொண்டுவருவது குழாய். தேயிலை ஆலையில் காற்றையும் சூட்டையும் கொண்டுசெல்வது குழாய். நம் மலையில் மின்சாரம் பிறப்பதற்கும் குழாயும் சுரங்கமுமே துணை. 1963-ஆம் ஆண்டில் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டது. தெலோம் ஆற்றின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகப் பெர்த்தாம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டது. அணையில் தேங்கிய தண்ணீர் மற்றொரு சுரங்கத்தில் இறங்கி, பேராக் பக்கம் உள்ள சுல்தான் யூசுப் மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றியது.

குழாய் என்று ஒன்று இருந்தால், ஒருநாள் அது ஒழுகத்தான் செய்யும். லயத்துக் குழாய் ஒழுகினால் என்ன செய்கிறோம்? மேலே உள்ள வால்வை அடைக்கிறோம். ரம்பத்தால் பழுதான துண்டை அறுத்து எடுக்கிறோம். புதுத் துண்டைப் பொருத்தி, மறுபடி வால்வைத் திறந்து, கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்கிறோம். அரை நாள் வேலை. ஆனால் அந்தக் குழாய் இருக்கும் இடத்திற்கு மனிதன் போகவே முடியாது என்றால்? அறுப்பதும், பொருத்துவதும், தடவிப் பார்ப்பதும் எப்படி? கடந்த எழுபது ஆண்டுகளாக விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் விடை தேடிவரும் கேள்வி இது. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் இந்தக் கேள்வி எங்கே எழுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். அணுவிலிருந்து சக்தியைப் பெற இரண்டு வழிகள் உண்டு. யுரேனியம் போன்ற கனமான அணுவைப் பிளப்பது ஒரு வழி. இன்று உலகில் இயங்கும் அணுமின் நிலையங்கள் யாவும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஹைட்ரஜன் போன்ற இலேசான அணுக்களை ஒன்றோடொன்று சேர்ப்பது இன்னொரு வழி. இதற்கு அணுக்கரு இணைவு என்று பெயர். சூரியன் எரிவது இந்த முறையில்தான். டியூட்டீரியம், டிரிட்டியம் என்னும் இரண்டு வகை ஹைட்ரஜனைப் பதினைந்து கோடி பாகை அளவுக்குச் சூடேற்றினால், அவை இணைந்து ஹீலியமாக மாறி, ஏராளமான சக்தியை வெளியிடுகின்றன. அவ்வளவு சூட்டைத் தாங்கும் பாத்திரம் உலகில் கிடையாது. ஆகவே அந்த நெருப்பைச் சுவரில் படாமல் காந்த சக்தியால் அந்தரத்தில் பிடித்து நிறுத்துகிறார்கள். அந்த நெருப்புக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர்.

அணுக்கள் இணையும்போது நியூட்ரான் என்னும் நுண்துகள்கள் பறந்து வந்து சுவரில் மோதும். அவை கொண்டுவரும் சூட்டைச் சுவரின் பின்னால் உள்ள குழாய்களில் ஓடும் நீரோ வாயுவோ வாங்கிச் செல்லும். அந்தச் சூட்டால் நீராவி உண்டாக்கி மின்சாரம் எடுக்கலாம். சுருங்கச் சொன்னால், உள்ளே சூரியன், வெளியே கொதிகலன், இரண்டுக்கும் இடையில் குழாய்கள். ஆனால் அதே நியூட்ரான்கள் இரும்பைக் கதிரியக்கம் உடையதாக மாற்றிவிடுகின்றன. நெருப்பு நொடியில் அணைந்துவிடும். இரும்பில் ஏறிய கதிரியக்கமோ அப்படி உடனே அடங்காது. டிரிட்டியமும் கதிரியக்கம் உள்ள பொருள்தான். அது பாதியாகக் குறையவே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே அடுப்பு அணைந்த பிறகும் அடுப்புக்குள் மனிதன் கை வைக்க முடியாது.

இத்தகைய இடத்தில் பழுதுபார்க்க ஆரம்ப காலத்தில் என்ன செய்தார்கள்? மனிதர்களையே அனுப்பினார்கள். 1952-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கனடாவின் சாக் ரிவர் என்னும் இடத்தில் இருந்த ஆராய்ச்சி அணு உலை ஒன்று விபத்துக்குள்ளானது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய நூற்றுக்கணக்கானோர் அழைக்கப்பட்டனர். ஒருவர் அங்கே நிற்கக்கூடிய நேரம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடந்தான். அதற்குள் ஓடிப்போய், இரண்டொரு போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். அந்த வேலைக்குப் போன அமெரிக்கக் கடற்படைக் குழுவில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டர்தான் அவர். உள்ளே போவதற்கு முன், உலையைப் போலவே செய்து வைத்திருந்த மாதிரியில் அவர்கள் திரும்பத் திரும்பப் பழகினார்கள்.

இதை நாம் கொஞ்சம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு போல்ட்டைக் கழற்ற ஒரு மனிதனின் உடம்பு. அடுத்த போல்ட்டுக்கு இன்னொரு மனிதனின் உடம்பு. விபத்துக் காலத்தில் வேறு வழி இல்லாமல் செய்தார்கள். ஆனால் இதையே வழக்கமாக்கிக்கொண்டு ஒரு மின்நிலையத்தை நாற்பது ஆண்டுகள் நடத்த முடியுமா? நடத்தினால் அது முறையாகுமா?

மாற்று வழி அதற்குச் சற்று முன்பே பிறந்திருந்தது. அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகில் உள்ள ஆர்கான் ஆராய்ச்சிக் கூடத்தில், ரேமண்ட் கோர்ட்ஸ் என்னும் பொறியாளர் 1940-ஆம் ஆண்டுகளின் கடைசியில் ஒரு கருவியை அமைத்தார். தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி. அந்தப் பக்கம் ஓர் இரும்புக் கை. மனிதன் இங்கே கையைத் திருப்பினால் அந்த இரும்புக் கையும் அப்படியே திரும்பும். 1954-இல் அவர் மின்சாரத்தால் இயங்கும் கையையும் செய்தார். அதன் சிறப்பு என்ன தெரியுமா? இரும்புக் கை ஒரு பொருளில் இடித்தால், அந்த இடிப்பை இங்கே இருப்பவரின் கை உணரும். திருகு இறுகிவிட்டதா, இன்னும் தளர்வாக இருக்கிறதா என்பதைக் கண்ணைவிடக் கைதான் நன்றாகச் சொல்லும். தண்ணீர்க் குழாயில் நட்டு முடுக்கிய எவருக்கும் இது தெரியும். அந்தக் கையுணர்வையே சுவர் தாண்டி அனுப்பிவைத்தார் கோர்ட்ஸ்.

இனி நம் முன்னோர்களின் நாடான தமிழ்நாட்டிற்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில், கடற்கரையில் உள்ள ஊர் கல்பாக்கம். அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இயங்கத் தொடங்கியது. இரண்டாவது உலை 1986-இல் வணிக முறையில் இயங்கத் தொடங்கியது. இவை இணைவு உலைகள் அல்ல. யுரேனியத்தைப் பிளக்கும் உலைகள். ஆனால் எட்ட நின்று குழாயைப் பழுதுபார்ப்பது எவ்வளவு கடினம் என்ற பாடத்தை நம் தமிழ் மண் கற்றுக்கொண்டது இவற்றில்தான்.

இந்த உலையின் நடுவே, படுக்கவைத்த பீப்பாய் போன்ற ஒரு பெரிய தொட்டி. அதில் கனநீர் நிரம்பியிருக்கும். தொட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை 306 குழாய்கள் செல்கின்றன. அவற்றுக்குள்தான் எரிபொருள் இருக்கிறது. தொட்டிக்குள் கனநீரைப் பாய்ச்சுவதற்குத் தனியாக ஒரு குழாயமைப்பு உண்டு. 1988, 1989-ஆம் ஆண்டுகளில் அந்தப் பாய்ச்சும் குழாயமைப்பு இரண்டு உலைகளிலும் உடைந்துபோயிற்று. எரிபொருள் பத்திரமாக இருந்தது. பம்புகள் நன்றாக ஓடின. ஆனால் உடைந்த இடம் உலையின் வயிற்றுக்குள். ஆள் இறங்கி, பழையதை அறுத்து, புதியதை வைக்க வழியே இல்லை.

பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? கனநீர் ஓடும் வழியை மாற்றினார்கள். உலை மீண்டும் இயங்கியது. ஆனால் முழு வேகத்தில் இயக்க முடியவில்லை. ஒவ்வோர் உலையும் 220 மெகாவாட் தர வேண்டும். சுமார் 170 மெகாவாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஓரிரு மாதங்களுக்கா? இல்லை, பத்து ஆண்டுகளுக்கு மேல்! எட்டாத இடத்தில் இருந்த ஒரு குழாய்க்காக, இரண்டு பெரிய உலைகள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம்வரை குறைந்த சக்தியோடு ஓடின.

இதற்கிடையே மற்றொரு கவலையும் வந்தது. 1983 ஆகஸ்ட் மாதத்தில் கனடாவின் பிக்கரிங் நிலையத்தில், இதே வகை உலையில், எரிபொருள் இருக்கும் குழாய் ஒன்று நீளவாட்டில் வெடித்துப் பிளந்தது. குழாயின் உலோகம் நாளடைவில் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைந்ததே காரணம். அப்படியானால் இந்தியாவில் உள்ள பழைய உலைகளின் குழாய்களும் என்றாவது மாற்றப்பட வேண்டியவைதாம். குழாய்களின் நிலையை உள்ளே கருவியை அனுப்பிப் பார்ப்பதற்கு, பம்பாயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் ஓர் இயந்திரத்தைச் செய்தார்கள். பிறகு ராஜஸ்தானில் உள்ள இரண்டாவது உலையின் 306 குழாய்களும் 1990-ஆம் ஆண்டுகளில் மாற்றப்பட்டன. அந்த அனுபவத்தோடு 2002-ஆம் ஆண்டில் கல்பாக்கத்தில் வேலையைத் தொடங்கினார்கள்.

எல்லாவற்றையும் இயந்திரக் கையே செய்தது என்று சொல்வதற்கில்லை. எரிபொருளை எடுத்துவிட்டு, உலையைச் சுத்தம் செய்து, தடித்த கவசத்தின் பின்னால் நின்று, நீண்ட கருவிகளால் வெட்டி இழுத்தார்கள். ஒவ்வொரு தொழிலாளியும் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்று கணக்கு வைக்கப்பட்டது. பழைய குழாய்களுக்குப் பதிலாகப் புது உலோகக் குழாய்கள் வந்தன. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, கனநீரைப் பாய்ச்சுவதற்கும் புதுக் குழாய்களைத் தொட்டிக்குள் செருகினார்கள். அதன் பிறகுதான் கல்பாக்கம் உலைகள் மீண்டும் 220 மெகாவாட்டை எட்டின.

அதே கல்பாக்கத்தில் 1985 அக்டோபரில் வேக ஈனுலை என்னும் சோதனை உலையும் இயங்கத் தொடங்கியது. அதில் சூட்டைக் கொண்டுசெல்வது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். அது பாதரசம் போலப் பளபளக்கும்; உள்ளே இருப்பது ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். 1987 மே மாதத்தில் எரிபொருளை இடம் மாற்றும்போது நேர்ந்த தவறால், வழிகாட்டும் நீண்ட குழாய் ஒன்று வளைந்து சிக்கிக்கொண்டது. அதற்கென்றே தனியாக வெட்டும் கருவி செய்து, எட்ட இருந்தபடியே அதைத் துண்டித்து வெளியே எடுத்தார்கள். உலை மீண்டும் இயங்கியது 1989-இல்.

இந்த வரலாறு சொல்லும் பாடம் ஒன்றுதான். பழுதுபார்க்கும் வழியை, பழுது வந்த பிறகு தேடக்கூடாது. வரைபடம் போடும் நாளிலேயே தேட வேண்டும்.

இந்தப் பாடத்தை முதல் நாளிலேயே மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட ஓர் இயந்திரம் இங்கிலாந்தில் இருந்தது. ஆக்ஸ்போர்டுக்கு அருகில் கல்ஹம் என்னும் ஊரில் ஐரோப்பிய நாடுகள் கூடி அமைத்த ஜெட் என்னும் இணைவு இயந்திரந்தான் அது. கல்பாக்கத்தின் முதல் உலை தொடங்கிய அதே 1983-ஆம் ஆண்டில், ஜூன் மாதத்தில், ஜெட்டும் முதன்முதலாக இயங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் அதற்குள் மனிதர்கள் போய்வர முடிந்தது. ஆனால் டிரிட்டியத்தைப் பயன்படுத்தத் தொடங்கினால் ஒருநாள் கதவை மூட வேண்டிவரும் என்பது தெரிந்தே இருந்தது. ஆகவே இயந்திரக் கைகளை முன்கூட்டியே தயாரித்தார்கள்.

1997-இல் ஜெட் 16 மெகாவாட் இணைவுச் சக்தியை வெளியிட்டு உலக சாதனை புரிந்தது. அந்தச் சாதனையே உள்ளே போகும் வழியை அடைத்தது. மறு ஆண்டு, 1998-இல், உட்சுவரின் அடிப்பகுதி முழுவதையும் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். பக்கவாட்டுத் துளை வழியாகப் பல மூட்டுகள் கொண்ட நீண்ட கரம் ஒன்று பாம்பைப் போல உள்ளே நுழைந்தது. அதன் நுனியில் இரண்டு கைகள் கொண்ட மாஸ்காட் என்னும் இயந்திரம். கோர்ட்ஸின் கருவியைப் போலவே இதுவும் தொடுவுணர்வைத் திருப்பி அனுப்பும். தனி அறையில் அமர்ந்த மனிதர்கள் தொலைக்காட்சித் திரையைப் பார்த்துக்கொண்டே திருகைக் கழற்றினார்கள். புதிய பாகத்தை வைத்து முடுக்கினார்கள். ஒரு மனிதர்கூட உள்ளே போகாமல் அந்த வேலை முடிந்தது. சாக் ரிவரில் செய்ததைப் போலவே இவர்களும் முழு அளவு மாதிரி ஒன்றில் பழகிக்கொண்டார்கள். ஆனால் இந்த முறை பழகியது ஓடித் தப்புவதற்காக அல்ல, வேலையைச் சரியாகச் செய்வதற்காக. ஜெட் 2023 டிசம்பரில் தன் பணியை நிறுத்தியது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், வெறும் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் சக்தியைத் தந்து மற்றொரு சாதனையும் படைத்தது.

அடுத்த கட்டம் பிரான்சின் தெற்கே எழுந்துவரும் ஈட்டர் என்னும் மாபெரும் இணைவு இயந்திரம். ஐரோப்பா, ஜப்பான், சீனா, ரஷ்யா, தென்கொரியா, அமெரிக்கா ஆகியவற்றோடு இந்தியாவும் சேர்ந்து 2006 நவம்பரில் இதற்கு ஒப்பந்தம் செய்தது. இயந்திரம் முழுவதையும் மூடும் 3,850 டன் எடையுள்ள எஃகுக் கூட்டின் பாகங்கள் குஜராத்தில் உள்ள ஹசிராவில் செய்யப்பட்டுக் கப்பலில் போயின. அங்கேயும் குழாய் தன் வேலையைக் காட்டிற்று. குளிர்ந்த காந்தங்களைச் சூடு தாக்காமல் காக்கும் தகடுகளில் ஹீலியம் வாயு ஓடும் குழாய்கள் பற்றவைக்கப்பட்டிருந்தன. அவற்றில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்திருப்பது 2022-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் தங்கிய குளோரின் மிச்சம் உலோகத்தை அரித்ததே காரணம். அளவில் சில மில்லிமீட்டர் ஆழமுள்ள வெடிப்பு. மாற்ற வேண்டிய குழாயோ 20 கிலோமீட்டருக்கும் அதிகம்! பொருத்தி முடித்த பகுதியைக்கூடத் திரும்பக் கழற்ற வேண்டியதாயிற்று. இதில் ஓர் ஆறுதல் உண்டு. இயந்திரம் இன்னும் பற்றவைக்கப்படவில்லை. ஆகவே மனிதர்கள் கையாலேயே பழுதைச் சரிசெய்யலாம். இதே வெடிப்பு பின்னாளில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கல்பாக்கத்தை அறிந்தவர்கள் ஊகிக்க முடியும். டிரிட்டியத்தோடு ஈட்டர் இயங்குவது 2039-இல் என்று 2024-ஆம் ஆண்டுத் திட்டம் கூறுகிறது.

ஈட்டருக்குப் பிறகு மின்சாரம் விற்கும் உண்மையான இணைவு மின்நிலையம் வந்தால், அதன் உட்சுவர்ப் பாகங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு பாகத்தோடும் குழாய்கள் இணைந்திருக்கும். எல்லாக் குழாயையும் அறுத்து, பாகத்தைத் தூக்கி எடுத்து, புதியதை இறக்கி, ஒவ்வொரு குழாயையும் மீண்டும் பற்றவைக்க வேண்டும். குழாய்களைச் சுற்றிக் கருவி நுழைய இடம் இருக்காது. ஆகவே விஞ்ஞானிகள் புதிய யோசனை ஒன்றைச் செய்தார்கள். கருவியைக் குழாய்க்குள்ளேயே விட்டுவிடுவது! எலி வளைக்குள் போவதுபோல அது உள்ளே ஊர்ந்து போகும். குறித்த இடத்தில் நின்று, லேசர் ஒளியால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குழாயை வெட்டும். பிறகு அதேபோல் பற்றவைக்கும். இத்தகைய கருவிகளை இங்கிலாந்தில் கல்ஹம் பொறியாளர்கள் செய்து சோதித்திருக்கிறார்கள். வெட்டுவதைவிடக் கடினமான வேலை, இரண்டு குழாய் முனைகளை மயிரிழை பிசகாமல் எதிரெதிரே நிறுத்துவதும், பற்றவைத்த பின் கசிவு இல்லை என்று உறுதிசெய்வதுந்தான். சிறு கசிவு போதும், காற்றே இல்லாத அந்தக் கூட்டில் பிளாஸ்மா நெருப்பு அணைந்துபோகும்.

நேயர்களே, இதெல்லாம் தோட்டத்தில் இருக்கும் நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, வேலை செய்பவரின் உடம்பைப் பற்றியது. நம் தோட்டங்களில் புல்லுக்கு மருந்து அடித்தவர்கள் பாராகுவாட் என்னும் நஞ்சை முதுகில் சுமந்தார்கள். மலேசியாவில் 2002-இல் அதற்குத் தடை அறிவித்தார்கள்; 2006-இல் தளர்த்தினார்கள்; 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் முழுத் தடை வந்தது. ஆபத்தான வேலைக்கு ஆளை அனுப்புவது எளிது. ஆளை எட்ட நிறுத்தி வேலையை முடிக்க வழி காண்பது கடினம். அதற்கு அறிவும் பணமும் மனமும் வேண்டும். அணு உலைத் தொழிலில் அந்த வழியைக் கண்டது, மனித உடம்பைச் செலவுப் பொருளாக எண்ணக்கூடாது என்று ஒரு காலத்தில் முடிவு செய்ததால்தான். அந்த முடிவு அணு உலைக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது. இயந்திரம் வந்தால் ஆள் குறையும் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். கொழுந்து எடுத்த கைகள் பலவற்றுக்குப் பதிலாக, இருவர் பிடிக்கும் வெட்டும் இயந்திரம் நம் மலைச்சரிவுகளில் வந்துவிட்டது. ஆனால் ஜெட் இயந்திரத்தில் கண்ட காட்சி வேறு. மாஸ்காட்டை இயக்கியவருக்குத் திருகின் குணம் தெரிய வேண்டும். லேசர் கருவியை அனுப்புபவருக்குப் பற்றவைப்பின் நுணுக்கம் தெரிய வேண்டும். குழாய் வேலையும் பற்றவைக்கும் வேலையும் தெரிந்தவர் கணிதமும் மின்னியலும் கற்றால், அவர்தான் நாளைய தொலைக்கருவியின் கைகள். குழாய் வேலையைக் கீழான வேலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். ஒரு குழாய் எட்டாமல் போனதற்காகக் கல்பாக்கம் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. ஓர் ஓரத்தில் தங்கிய சிறு அழுக்குக்காக ஏழு தரப்பினரின் மாபெரும் இயந்திரம் காத்திருக்க நேர்ந்தது.

சூரியனைப் பூமிக்குக் கொண்டுவரும் முயற்சியைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கும்போது, எத்தனை கோடி பாகைச் சூடு என்பதைப் பார்த்து வியக்கிறோம். இனிமேல் அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழகுவோம்: அங்கே குழாய் ஒழுகினால் சரிசெய்வது யார், எப்படி? இந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கும் நாளில்தான் அந்தச் சூரியன் நம் வீட்டு விளக்கை ஏற்றும்.